நூறாண்டுப் போர்: மன்னர்களின் வழக்கும் மக்களின் இழப்பும்

ஒரு குடும்பத்தில் சொத்துத் தகராறு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். பேச்சு பலிக்காவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். சில ஆண்டுகளில் ஏதேனும் ஒரு முடிவு கிடைத்துவிடும். ஆனால், அந்தச் சொத்து ஒரு நாடாகவும் அதற்கு உரிமை கோருபவர்கள் இரு மன்னர்களாகவும் இருந்தால் என்ன ஆகும்?

அப்படிப்பட்ட ஒரு தகராறு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1337ஆம் ஆண்டில் தொடங்கியது. அது 1453ஆம் ஆண்டுவரை, அதாவது 116 ஆண்டுகள் நீடித்தது. பிற்கால வரலாற்று ஆசிரியர்கள் அதற்கு 'நூறாண்டுப் போர்' என்று பெயரிட்டனர். இடையிடையே போர் நிறுத்தங்கள் இருந்தன; சில ஆண்டுகள் அமைதியும் நிலவியது. ஆயினும் பகை ஓயவில்லை. போரைத் தொடங்கிய இரு மன்னர்களின் எள்ளுப்பேரன்கள் ஆட்சி செய்தபோதுதான் அது முடிவுக்கு வந்தது.

அரியணைக்காக மன்னர்கள் மோதிக்கொண்டார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார்? இப்போரைப் பற்றிப் படிக்கும்போது நாம் மனத்தில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இது.

மகள் வயிற்றுப் பேரனா? தம்பி மகனா?

1066ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியான நார்மண்டியை ஆண்ட வில்லியம், கடல் கடந்து சென்று இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன்பின் இங்கிலாந்தின் மன்னர்களுக்குப் பிரான்சிலும் நிலங்கள் இருந்தன. இதனால் விந்தையான ஒரு நிலை உருவானது. தம் நாட்டில் அவர்கள் முடிசூடிய மன்னர்கள். பிரான்சில் உள்ள நிலங்களுக்கோ அவர்கள் பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்ட பிரபுக்கள். ஒரு மன்னர் இன்னொரு மன்னர்முன் மண்டியிட்டுப் பணிவுறுதி கூற வேண்டியிருந்தது. இந்த உறவு இரு தரப்புக்கும் உறுத்தலாகவே இருந்தது.

இந்நிலையில், 1328ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசு இன்றி இறந்தார். அடுத்து முடிசூடுவதற்கு இருவர் பெயர்கள் எழுந்தன. ஒருவர், சார்லஸின் உடன்பிறந்த சகோதரி இசபெல்லாவின் மகன் மூன்றாம் எட்வர்ட். அவர் அப்போது இங்கிலாந்தின் மன்னர், வயதோ பதினைந்து. மற்றொருவர், சார்லஸின் சித்தப்பா மகன் பிலிப். சார்லஸின் தந்தையை வைத்துப் பார்த்தால், எட்வர்ட் அவருக்கு மகள் வயிற்றுப் பேரன். பிலிப் அவருக்குத் தம்பி மகன்.

பெண்வழியில் அரியணை உரிமை செல்லாது என்று பிரெஞ்சுப் பிரபுக்கள் வாதிட்டனர். அயல்நாட்டு மன்னர் ஒருவர் தங்களை ஆள்வதை அவர்கள் விரும்பவில்லை என்பதும் உண்மை. எனவே, ஆறாம் பிலிப் முடிசூடினார். எட்வர்டும் 1329ஆம் ஆண்டில் அவரிடம் சென்று பணிவுறுதி கூறினார். தகராறு அத்துடன் முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

ஆனால், தென்மேற்குப் பிரான்சில் எட்வர்டுக்கு உரிய கேஸ்கனி பகுதி இருந்தது. அதன் துறைமுகமான போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது ஏற்றுமதியாயிற்று. அந்த வணிகம் ஆங்கில அரசுக்குப் பெரும் வருவாயை ஈட்டித் தந்தது. வடக்கே ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் நெசவாளர்கள் இங்கிலாந்தின் ஆட்டு உரோமத்தையே நம்பி வாழ்ந்தனர். இந்த இரு பகுதிகளிலும் யாருடைய கை ஓங்குவது என்பதில் போட்டி இருந்தது. இங்கிலாந்துடன் போரிட்டுக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக்குப் பிரான்ஸ் துணை நின்றதும் பகையை வளர்த்தது. 1337ஆம் ஆண்டில் பிலிப் எட்வர்டின் பிரெஞ்சு நிலங்களைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தார். எட்வர்ட் தம் பழைய உரிமைக் கோரிக்கையைத் தூசு தட்டி எடுத்தார். 1340ஆம் ஆண்டில் அவர் தம்மைப் பிரான்சின் மன்னர் என்றே அறிவித்துக்கொண்டார்.

நெடுவில்லின் வலிமை

அதே ஆண்டில் ஸ்லூய்ஸ் என்னும் இடத்தில் நடந்த கடற்போரில் ஆங்கிலேயர்கள் வென்றனர். தென் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் சில தாக்கப்பட்டபோதிலும், அதன்பின் பெரும் போர்கள் பிரெஞ்சு மண்ணிலேயே நடைபெற்றன.

1346ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் கிரெசி என்னும் ஊருக்கு அருகில் இரு படைகளும் மோதின. பிரெஞ்சுப் படை எண்ணிக்கையில் பெரியது. கவசம் அணிந்த குதிரை வீரர்களே அதன் பெருமை. ஆங்கிலப் படையின் வலிமையோ ஆள் உயர நெடுவில் ஏந்திய வில்லாளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் எளிய குடியில் பிறந்தவர்கள். சிறுவயது முதலே வில் பழகியவர்கள். பிரெஞ்சு மன்னர் கூலிக்கு அமர்த்திய குறுக்குவில் வீரர்கள் ஒரு முறை அம்பு தொடுக்கும் நேரத்தில், நெடுவில் வீரர்களால் பல அம்புகளைத் தொடுக்க முடிந்தது. குதிரை வீரர்கள் மீண்டும் மீண்டும் பாய்ந்து வந்து அம்பு மழையில் வீழ்ந்தனர். பிரான்சுக்குத் துணையாக வந்த, பார்வையிழந்த பொஹீமிய மன்னர் ஜானும் அன்று களத்தில் மாண்டார்.

அடுத்து எட்வர்ட் கலே துறைமுக நகரை முற்றுகையிட்டார். முற்றுகை ஏறக்குறைய பதினொரு மாதங்கள் நீடித்தது. உணவின்றி வாடிய நகர மக்கள் 1347ஆம் ஆண்டில் சரணடைந்தனர். நகரின் செல்வாக்கு மிக்க அறுவர் கழுத்தில் கயிற்றுடன் வந்து தம் உயிரைக் கொடுத்தால் மற்றவர்களை விட்டுவிடுவதாக எட்வர்ட் கூறினாராம். அறுவர் முன்வந்தனர். அரசி பிலிப்பா மன்றாடியதால் அவர்கள் உயிர்பிழைத்தனர் என்று அந்நூற்றாண்டின் வரலாற்றுப் பதிவாளர் ஃபுருவாசார் எழுதியுள்ளார். பிற்காலத்தில் ரொடான் என்னும் சிற்பி அந்த அறுவரையும் வெண்கலத்தில் வடித்தார். அவர்கள் உயிர் தப்பியபோதிலும் நகர மக்களுள் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த வீடுகளில் ஆங்கிலேயர்கள் குடியேறினர்.

அடுத்த ஆண்டே 'கருஞ்சாவு' என்னும் கொள்ளைநோய் இரு நாடுகளையும் தாக்கியது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரோ அதற்கும் மேற்பட்டோரோ மடிந்தனர். அப்பேரழிவுகூடப் போரைச் சில ஆண்டுகள் தணித்ததே தவிர, முடித்து வைக்கவில்லை.

எரிந்த ஊர்கள்

நூறாண்டுப் போர் என்றதும் பலருக்குப் பெரும் போர்க்களங்களே நினைவுக்கு வரும். ஆனால், அத்தகைய போர்கள் அரிதாகவே நடந்தன. அடிக்கடி நடந்தது வேறு. சில ஆயிரம் வீரர்கள் பகைவர் நாட்டுக்குள் புகுந்து, வழியெங்கும் பயிரையும் களஞ்சியத்தையும் ஊரையும் கொளுத்திக்கொண்டே செல்வார்கள். பகைவர் நாட்டை எரியூட்டும் இவ்வழக்கத்தைத் தமிழ்ப் புறப்பொருள் இலக்கணம் 'எரிபரந்தெடுத்தல்' என்று குறிப்பிடும்.

1355ஆம் ஆண்டில் எட்வர்டின் மூத்த மகன் போர்தோவிலிருந்து புறப்பட்டு, மத்தியதரைக் கடலருகே உள்ள நார்போன்வரை சென்று திரும்பினார். வழியில் எண்ணற்ற ஊர்கள் சாம்பலாயின. இதற்கு ஒரு கணக்கு இருந்தது. விளைச்சல் அழிந்தால் வரி வராது. வரி வராவிட்டால் பிரெஞ்சு மன்னரால் படை திரட்ட முடியாது. தன் குடிகளைக் காக்க முடியாத மன்னர் என்ற அவப்பெயரும் அவருக்குச் சேரும். மன்னரை வீழ்த்துவதற்கு உழவரின் கூரையில் தீ வைக்கப்பட்டது.

போர் நின்றபோதும் துன்பம் நிற்கவில்லை. சம்பளம் இழந்த கூலிப்படையினர் ஊர் திரும்பாமல், கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கொள்ளையடித்தனர். அவர்களுள் ஆங்கிலேயரும் இருந்தனர்; பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். காக்க வேண்டிய வாளே கொள்ளையடிக்கும் வாளாக மாறியது. வேலியே பயிரை மேய்ந்தால் அந்தப் பயிர் யாரிடம் முறையிடும்?

வரியும் கிளர்ச்சியும்

1356ஆம் ஆண்டில் புவாத்தியே என்னும் இடத்தில் நடந்த போரில் பிலிப்பின் மகனும் பிரெஞ்சு மன்னருமான இரண்டாம் ஜான் சிறைபிடிக்கப்பட்டார். அவரை விடுவிக்க முப்பது இலட்சம் பொற்காசுகள் மீட்புத்தொகையாகக் கேட்கப்பட்டன. அத்தொகையைத் திரட்டக் குடிமக்கள்மீது புதிய வரிகள் விதிக்கப்பட்டன. மன்னர் விடுதலையான 1360ஆம் ஆண்டில் 'பிராங்க்' என்னும் பொற்காசு வெளியிடப்பட்டது. அந்தப் பெயர் யூரோ நாணயம் வரும்வரை பிரான்சில் வழங்கி வந்தது.

மன்னர் சிறையில் இருந்தபோதே மக்களின் பொறுமை எல்லை கடந்தது. 1358ஆம் ஆண்டில் பாரிசுக்கு வடக்கே இருந்த உழவர்கள் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 'எங்களைக் காப்பதாகச் சொல்லித்தானே வரி வாங்குகிறீர்கள்; காத்தீர்களா?' என்பதே அவர்களுடைய சினத்தின் சாரம். அவர்கள் பிரபுக்களின் மாளிகைகளைக் கொளுத்தினர், சிலரைக் கொன்றனர். சில வாரங்களுக்குள் பிரபுக்கள் ஒன்றுதிரண்டு ஆயிரக்கணக்கான உழவர்களைக் கொன்று கிளர்ச்சியை அடக்கினர்.

வெற்றி பெற்றுவந்த இங்கிலாந்திலும் மக்கள் நிம்மதியாக இல்லை. 1369ஆம் ஆண்டுக்குப் பின் பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸ், பெரும் போர்களைத் தவிர்த்து, இழந்த பகுதிகளைச் சிறிது சிறிதாக மீட்டார். போர்ச் செலவை ஈடுகட்ட ஆங்கில அரசு தலைவரி விதித்தது. 1377ஆம் ஆண்டில் ஆளுக்கு நான்கு பென்சாக இருந்த அவ்வரி, 1380ஆம் ஆண்டில் பன்னிரண்டு பென்சாக உயர்ந்தது. மறு ஆண்டே உழவர்களும் கைவினைஞர்களும் திரண்டு இலண்டனுக்குள் புகுந்தனர். அரசின் கருவூலத் தலைவரும் தலைமைப் பேராயரும் கொல்லப்பட்டனர். கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரும் கொல்லப்பட்டார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கடலின் இரு கரைகளிலும் ஒரே கதைதான்.

சிற்றூரில் பிறந்த இளம்பெண்

1415ஆம் ஆண்டில் எட்வர்டின் கொள்ளுப்பேரனான ஐந்தாம் ஹென்றி மீண்டும் படையெடுத்தார். அக்டோபர் 25ஆம் நாள் அஜின்கோர்ட்டில், மழையால் சேறாகிப்போன வயலில் பிரெஞ்சுப் பிரபுக்கள் சிக்கித் தடுமாறினர். பசியாலும் களைப்பாலும் வாடியிருந்த ஆங்கிலப் படை வென்றது. 1418ஆம் ஆண்டில் ஹென்றி ருவான் நகரை முற்றுகையிட்டார். உணவு குறைந்ததால் போரிட இயலாத முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் நகரத்தார் வெளியே அனுப்பினர். அவர்கள் கடந்து செல்ல ஹென்றி வழி விடவில்லை. நகர மதிலுக்கும் பகைவர் பாசறைக்கும் இடையே இருந்த அகழியில் அவர்கள் பட்டினியால் மடிந்தனர். இரு தரப்பினரும் அவர்களைத் தம்மவராக எண்ணவில்லை.

1420ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கை ஹென்றியைப் பிரெஞ்சு அரியணைக்கு வாரிசாக்கியது. பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸின் மகன் ஒதுக்கப்பட்டார். ஆனால், 1422ஆம் ஆண்டில் ஹென்றியும் ஆறாம் சார்லஸும் அடுத்தடுத்து இறந்தனர். இரு நாடுகளின் முடியும் ஹென்றியின் மகனான, ஒரு வயதுகூட நிரம்பாத ஆறாம் ஹென்றிக்கு உரியதாயிற்று.

இந்தக் காலத்தில் தோம்ரெமி என்னும் எல்லைப்புறச் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் வளர்ந்தவர் ஜோன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1428ஆம் ஆண்டில் ஆங்கிலேயருடன் கூட்டுச் சேர்ந்திருந்த பர்கண்டிப் படையினருக்கு அஞ்சி, அவ்வூர் மக்கள் வீடுகளை விட்டுவிட்டுப் பக்கத்து நகருக்கு ஓடினர். அவர்களுள் ஜோனும் ஒருவர். போர் எப்படிப்பட்டது என்பதை அவர் கதையாகக் கேட்டு அறிந்தவர் அல்லர். தம் ஊரிலேயே கண்டவர்.

நாட்டை மீட்கும்படி வானிலிருந்து வரும் குரல்கள் தமக்குக் கட்டளையிடுவதாக ஜோன் நம்பினார். ஒதுக்கப்பட்ட இளவரசர் சார்லஸைச் சந்தித்து, ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டிருந்த ஓர்லியான் நகருக்குப் படையுடன் சென்றார். 1429ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அவர் நகருக்குள் நுழைந்தார். மே 8ஆம் நாள் முற்றுகை விலகியது. ஜூலை 17ஆம் நாள் ரெய்ம்ஸ் நகரில் சார்லஸ் முறைப்படி முடிசூடினார். ஏழாம் சார்லஸ் ஆனார்.

மறு ஆண்டு பர்கண்டிப் படையினர் ஜோனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் விற்றனர். அவரால் முடிசூடிய மன்னர் அவரை மீட்கவில்லை. மதத்துக்கு எதிரானவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 1431ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ருவான் நகரில் ஜோன் உயிருடன் எரிக்கப்பட்டார். அப்போது அவருக்கு ஏறக்குறைய பத்தொன்பது வயது. மகளின் பெயரில் படிந்த களங்கத்தைத் துடைக்க அவருடைய தாய் விடாமல் போராடினார். 1456ஆம் ஆண்டில் மறு விசாரணை அத்தீர்ப்பை இரத்து செய்தது. முப்பது இலட்சம் பொற்காசுகளுக்கு ஒரு மன்னரை மீட்க வரி கொடுத்த நாட்டில், ஓர் உழவர் மகளுக்காக மீட்புத்தொகை கொடுக்க எவரும் முன்வரவில்லை.

போர் விட்டுச் சென்றவை

1435ஆம் ஆண்டில் பர்கண்டி ஏழாம் சார்லஸுடன் சமாதானம் செய்துகொண்டது. துணை இழந்த ஆங்கிலேயர்கள் பின்வாங்கத் தொடங்கினர். இதற்கிடையில் சார்லஸ் ஒரு முக்கியமான சீர்திருத்தத்தைச் செய்தார். 1445ஆம் ஆண்டில் அவர் ஒழுங்காகச் சம்பளம் பெறும் நிலையான படையை அமைத்தார். சம்பளம் கிடைத்ததால் வீரர்கள் கொள்ளையடிப்பது குறைந்தது. வேலி மீண்டும் வேலியாக மாறத் தொடங்கியது. ஆனால், அதற்கும் மக்கள் நிலையான வரி செலுத்த வேண்டியிருந்தது.

1453ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கஸ்தியோன் என்னும் இடத்தில் கடைசிப் பெரும்போர் நடந்தது. கிரெசியில் குதிரை வீரர்களை வில் வீழ்த்தியது. இங்கோ ஆங்கிலப் படையைப் பிரெஞ்சுப் பீரங்கிகள் வீழ்த்தின. அவ்வாண்டு அக்டோபரில் போர்தோவும் சரணடைந்தது. பிரான்சில் ஆங்கிலேயரிடம் எஞ்சியது கலே நகரும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டுமே. அதையும் அவர்கள் 1558ஆம் ஆண்டில் இழந்தனர்.

போர் தொடங்கியபோது ஆங்கில அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே செல்வாக்குடன் விளங்கியது. ஆங்கிலம் எளிய மக்களின் மொழியாகக் கருதப்பட்டது. 1362ஆம் ஆண்டில் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிரெஞ்சு மொழி மக்களுக்குப் புரியவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். வேடிக்கை என்னவென்றால், அச்சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது. ஐந்தாம் ஹென்றியோ 1417ஆம் ஆண்டு முதல் தம் அரசாங்கக் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதச் செய்தார். இவ்வாறு, உழவரும் கைவினைஞரும் வீட்டில் பேசிய மொழி அரசவைக்குள் நுழைந்தது. பிரான்சிலும் வெவ்வேறு பிரபுக்களின் குடிகளாக இருந்தவர்களிடையே தாங்கள் ஒரே நாட்டினர் என்னும் உணர்வு வளர்ந்தது. இரு முடிகளை ஒன்றாக்கத் தொடங்கிய போர், இரு மக்களையும் தனித்தனி நாட்டினராக்கி முடிந்தது.

அந்த அரியணை வழக்கு என்ன ஆயிற்று? இங்கிலாந்தின் மன்னர்கள் 'பிரான்சின் மன்னர்' என்னும் பட்டத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தனர். 1801ஆம் ஆண்டில்தான் அதைக் கைவிட்டனர். அப்போது பிரான்சில் மன்னராட்சியே இல்லை. எந்த அரியணைக்காக ஐந்து தலைமுறையினர் மாண்டார்களோ, அந்த அரியணையையே அந்நாட்டு மக்கள் அகற்றிவிட்டிருந்தனர்.

வரலாற்று நூல்களில் வென்ற மன்னர்களின் பெயர்களை நாம் எளிதாகக் காணலாம். எரிந்த ஊர்களில் வாழ்ந்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் காண வேண்டும். ஒரு போரை முழுமையாக அறிய விரும்புவோர் 'வென்றது யார்?' என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. 'விலை கொடுத்தது யார்?' என்றும் கேட்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

அரியணை – மன்னர் அமரும் இருக்கை, ஆட்சியுரிமை
பணிவுறுதி – கட்டுப்பட்டு நடப்பதாகக் கூறும் உறுதிமொழி
பறிமுதல் – உடைமையை அரசு எடுத்துக்கொள்ளுதல்
முற்றுகை – பகைவர் நகரைச் சூழ்ந்து வழிகளை அடைத்தல்
களஞ்சியம் – தானியம் சேமித்து வைக்கும் இடம்
மீட்புத்தொகை – சிறைப்பட்டவரை விடுவிக்கக் கொடுக்கும் பணம்
தலைவரி – ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று விதிக்கப்படும் வரி
அகழி – மதிலைச் சுற்றி வெட்டப்பட்ட ஆழமான பள்ளம்
பாசறை – போர்க்களத்தில் படை தங்கும் இடம்

கருத்துணர் வினாக்கள்

1. மூன்றாம் எட்வர்ட், ஆறாம் பிலிப் ஆகிய இருவரும் எந்த உறவுமுறையின் அடிப்படையில் பிரெஞ்சு அரியணைக்கு உரியவர்களாகக் கருதப்பட்டனர்?

2. அரியணை உரிமையைத் தவிர, போர் மூள்வதற்கு இருந்த வேறு இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.

3. பகைவர் நாட்டு ஊர்களை எரித்ததன் நோக்கம் என்ன?

4. 'வேலியே பயிரை மேய்தல்' என்னும் தொடர் பனுவலில் எந்தச் சூழலைக் குறிக்கிறது? அதே தொடரைப் பயன்படுத்தி உம் அன்றாட வாழ்விலிருந்து ஒரு சூழலை எழுதுக.

5. மன்னர் இரண்டாம் ஜானும் ஜோனும் சிறைப்பட்டபோது அவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஒப்பிடுக. இதிலிருந்து நீ அறிவது என்ன?

6. 'இரு முடிகளை ஒன்றாக்கத் தொடங்கிய போர், இரு மக்களையும் தனித்தனி நாட்டினராக்கி முடிந்தது.' இக்கூற்றைச் சான்றுகளுடன் விளக்குக.

7. கலந்துரையாடுக: நீ தோம்ரெமி ஊரில் வாழ்ந்த ஒருவராக இருந்தால், இப்போரைப் பற்றி உன் பேரப்பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பாய்?